ஈரத்துக்குக் கழித்த கணக்கு

என் அருமை டிரசர் அண்ணே,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. சொர்க்கத்தில் வசதியாகத்தான் இருப்பீர்கள். இங்கே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புது டிரசர் வந்து காய்ச்சலுக்கு நல்லபடியாகக் கொய்னா கொடுக்கிறார். ஆனால் ஈப்போவுக்கு இங்கிலீஷ் படிக்கப் போகும் நம் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை மட்டும் அவர் தொடுவதில்லை. அதெல்லாம் என் தலையில் விழுந்திருக்கிறது. இப்படி விட்டுவிட்டுப் போகலாமா?

நீங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது காய்ச்சல்காரன் முனகினால், "பொறு அப்பன், கணக்கு முடியட்டும், காய்ச்சல் எங்கயும் ஓடாது" என்பீர்கள். அவனும் பொறுத்தான். நான் ரப்பரை நிறுத்து எழுதும் நிறுவைக் கிராணி. என் இங்கிலீஷ் எடைப் புத்தகத்தோடு முடிந்துவிடும். "எனக்கு இதெல்லாம் வராது" என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். கிராணி அப்படிச் சொன்னால் மானம் என்னாவது?

பூவின் பாகங்களை வரையச் சொன்னார்கள். நான் வரைந்த செம்பருத்தியை என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "எச்சில் பணிக்கம் நல்லா வந்திருக்கு" என்றாள். சரித்திரத்தில் ஏதோ ஒரு ராஜாவின் பெண்டாட்டிமாரை வரிசையாக எழுத வேண்டுமாம். லயத்தில் யார் வீட்டில் என்ன சண்டை என்று கேளுங்கள், ஒப்பிக்கிறேன். சீமை அரண்மனை வம்பு எனக்கு எப்படி எட்டும்?

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் சொல்வதற்குச் சிரிக்காதீர்கள்.

வண்டிக்கார மாரிமுத்து மகள் லெட்சுமியை மறந்திருக்க மாட்டீர்கள். ஈப்போவுக்கு ரப்பர் ஏற்றிப் போகும் அப்பன் வண்டியிலேயே பள்ளிக்கூடம் போய் வருகிறவள். முந்தாநாள் ஒரு கணக்கோடு வந்தாள். எண்பது ராத்தல் கம்பளியை எட்டு மூட்டையில் சமமாகக் கட்டினால் ஒரு மூட்டை எவ்வளவு?

"பத்து வருது மாமா."

"அப்படியே வகுத்துட்டியா? ஈரத்துக்குக் கழிக்கலியே!"

"கணக்குல ஈரம்னு போடலியே மாமா."

"சீமையில எப்பவும் மழைலா! எந்தக் கிராணி ஈரத்தைக் கழிக்காம நிறுத்திருக்கான்?"

இருபது வருஷமாக, மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை நிறுத்து, ஈரத்துக்கென்று பத்துக்கு ஒன்று கழித்த கை, அண்ணே. எண்பதில் எட்டைக் கழித்து, மீதியை எட்டால் வகுத்து, ஒன்பது என்று நானே சிலேட்டில் எழுதினேன். அவள் போட்ட பத்தை எச்சில் தொட்டு அழித்ததும் நான்தான்.

நேற்று டீச்சர் அவளை வகுப்பு முடியும்வரை பெஞ்சின்மேல் நிறுத்திவிட்டார். மாரிமுத்து வண்டியோடு வாசலில் காத்திருந்து, காரணம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். நேரே என் கொட்டகைக்கு வந்தான்.

"இதுக்கு மண்டையில ஒண்ணும் ஏறல, கிராணி. நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டு, நாளன்னிக்கிலருந்து பால்வெட்டுக்கு அனுப்பிடுறேன். வண்டியில இனிமே ரப்பர் மட்டும்தான்."

லெட்சுமி அப்பனுக்குப் பின்னால் நின்றாள். என்னைக் கைகாட்ட ஒரு விரல் போதும். காட்டவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சின்னப் பிள்ளை, மன்னிச்சு விடுப்பா" என்றேன். குற்றவாளியே சிபாரிசு செய்தால் எப்படி இருக்கும்? அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

உங்கள் மேல் கோபமாக இருக்கிறது, அண்ணே. அதைவிட என் வாய் மேல்தான் அதிகம். ஊரார் கதையெல்லாம் பேசும் வாய்க்கு, சொந்தக் கதை ஒன்று சொல்ல வரவில்லையே?

நாளை விடியலில் பெரட்டுக்கு ஆள்கள் வரிசையில் நிற்கும்போது, மாரிமுத்து மாடு பூட்டுமுன், எல்லார் காதிலும் விழச் சொல்கிறேன்: பிள்ளை போட்டது சரி, கெடுத்தவன் கிராணி. அவர்கள் சிரிக்கட்டும். அதே வண்டியில் ஏறிப்போய் டீச்சரிடமும் சொல்கிறேன். லெட்சுமியை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

வயிறு வேறானாலும் உங்கள் தம்பிதான்,
நிறுவைக் கிராணி சுப்பையா