யார் பக்கமும் இல்லாதவங்க

அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்,

நீங்க சமையல் வேல பாக்கற கப்பல, சண்ட போட்டுகினு கீற அந்த நாட்டு நேவி புடிச்சி வச்சதுலேர்ந்து ராயபுரத்துல நாங்க நல்லாத்தான் கீறோம். சோறு எறங்குது, தூக்கமும் வருது. நீங்க கவலப்படாதீங்க.

நேத்து டெல்லிலேர்ந்து வந்த பெரிய அதிகாரியப் போய்ப் பாத்தேன். நல்ல மனுசன். ஒக்கார வச்சி டீ குடுத்தாரு.

"சண்ட போடற ரெண்டு நாடும் நமக்கு வேண்டியவங்கம்மா. சுதந்திரம் வாங்கின நாள்லேர்ந்து நாம யார் பக்கமும் சேர்றதில்ல. கப்பலப் புடிச்சவங்கள அதட்டிக் கேட்டா இன்னொருத்தங்க பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும். மெதுவாத்தான் பேசணும்"னாரு.

"என் வூட்டுக்காரரும் யார் பக்கமும் சேரலியே சார். கொழம்பு வச்சிகினு இருந்தாரு"ன்னேன்.

அவரு தலயக் குனிஞ்சிகினாரு. அவர் மேல கோவப்படக்கூட முடியல மச்சான்.

வூட்டுக்கு வந்ததும் நம்ம பொண்ணு அனம் கேட்டா, "அந்த நாடு நமக்கு எதிரியாம்மா?"

"இல்லடி, தோஸ்து."

"அப்ப அத்தாவ வுட்டுடுவாங்க!"

ஓடிப்போய் வாசப்படில ஒக்காந்துகினா. நீங்க வர்ற வழியப் பாத்துகினு இன்னும் அங்கதான் கீறா. இன்னா சொல்லி உள்ள கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியல.

துஆவோட,
ஒங்க வூட்டம்மா