செவலை யாரைப் பார்த்தது?

என் அம்மாவுக்கு,

கொட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செவலை அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. தீனிக்குப் போட்டுவைத்த அன்னாசித் தோல் பீப்பாயில் புளித்து நுரை தள்ளியிருக்கிறது. அந்த வாடை சிராங்கூன் சாலை வரைக்கும் போகும். நீ இங்கே இருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாய். இருக்கிறாயா? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

செவலையின் கன்று செத்தது உனக்குத் தெரியும். அதன் தோலுக்குள் காய்ந்த லாலாங் புல்லை அடைத்து அப்பா ஒரு பொய்க்கன்று செய்ததும் தெரியும். "கண்ணு மட்டும் வைக்காதீங்க. என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும்" என்று நீதானே சொன்னாய். கண்ணில்லாத அந்தக் கன்றைச் செவலை நக்கும். நீ பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து நாக்கைச் சொடுக்குவாய். பால் இறங்கிவிடும்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராமல் போன பிறகு இறங்கவில்லை, அம்மா. அப்பா உட்கார்ந்து பார்த்தார். நானும் உட்கார்ந்து பார்த்தேன். செவலை கன்றை நக்கியது, எங்களை முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. மடி கல்லைப் போல இறுகியிருந்தது. ஒரு சொட்டு வரவில்லை.

மாட்டுத் தரகர் வந்து நின்றார்.

"புல்லுக் கன்னுக்குட்டிய வச்சு எத்தன நாளைக்குத்தான் ஏமாத்துவ? உன் மாட்டுக்கு மூளை இருக்கு லா, அதான் தொந்தரவு."

"கறவையில இருக்கிறது இது ஒண்ணுதான் அண்ணே. இதையும் குடுத்துட்டா டீக்கடைக்கு எதை ஊத்துறது?"

"இத்தன நாளும் பாதி பைப்புத் தண்ணிதானே ஊத்துன?"

அப்பா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை லாரி வரும் என்று சொல்லிவிட்டுத் தரகர் போனார். அந்த லாரி அறுக்கிற இடத்துக்குத்தான் போகும் என்பது எனக்கும் தெரியும்.

பள்ளி நூலகத்தில் கால்நடைகளைப் பற்றி ஒரு புத்தகம் இருந்தது. கன்று முட்டும்போது மாட்டின் மூளைக்கு அடியிலிருக்கும் ஒரு சுரப்பி இரத்தத்தில் ஏதோ ஒன்றை விடுகிறதாம். அது மடிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பால் இறங்குமாம். கன்றே வேண்டும் என்பதில்லை. பழகிய வாசனை போதும், வாளியின் சத்தம்கூடப் போதும். பயமோ கலக்கமோ வந்தால் எல்லாம் நின்றுவிடும். செவலை பிடிவாதம் பிடிக்கவில்லை, அம்மா. அதற்கு உன் வாசனை கிடைக்கவில்லை.

நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவிழ்த்துப் போட்ட பச்சைப் புடவை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிச் சீருடைக்கு மேலேயே அதைச் சுற்றிக்கொண்டேன். உன் மணையில் உட்கார்ந்து, உன்னைப் போலவே நாக்கைச் சொடுக்கினேன். செவலை நீளமாக மூச்சை இழுத்து முந்தானையை முகர்ந்தது. என் கைக்குள் காம்பு இளகியது. நுரையோடு பால் வாளியில் இறங்கியது.

அப்போதுதான் வாசலில் அப்பாவின் குரல் கேட்டது.

"எப்ப வந்த?"

அது என்னிடம் பேசுகிற குரல் இல்லை. நான் திரும்பவில்லை. திரும்பினால் பால் நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா படியில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். தரகரைத் திட்டினார். சமையலில் உப்பு அதிகமாகிவிடுகிறது என்றார். பிறகு மெதுவாக, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? கறந்துகொண்டே இருந்தேன்.

லாரி வெறுமனே திரும்பிப் போயிற்று. அதன் பிறகு தினமும் சாயங்காலம் நான் புடவையைச் சுற்றிக்கொள்வேன், செவலை பால் கொடுக்கும், அப்பா வாசலில் உட்கார்ந்து பேசுவார். பகலில் என்னைப் பார்த்தால் "சாப்டியா?" என்பதோடு சரி. அந்தச் சுரப்பி மனிதர்களுக்கும் உண்டு என்று புத்தகம் சொல்கிறது. நான் கண்ணில்லாத கன்றைப் பார்ப்பேன். அதன் கழுத்தில் தையல் பிரிந்து புல் எட்டிப் பார்க்கும். என் கழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

நேற்று பள்ளி விட்டு வந்தபோது புடவை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. நீ போன பிறகு எங்களுக்குத் துணையாக வந்திருக்கும் அத்தை துவைத்துவிட்டார்.

"செத்தவ சேலையத் துவைக்காம வச்சிருந்தா அவ எப்படிடி போவா? அதையே கட்டிக்கிட்டு நிக்கிற, பார்க்கிறப்ப எனக்கே திக்குங்குது!"

முகர்ந்து பார்த்தேன். சவர்க்கார வாசனை மட்டும்தான். முடிந்தது, இனி செவலை போய்விடும் என்று நினைத்தேன். வெறும் சீருடையோடு கொட்டிலுக்குள் போனேன். நீ உட்காரும் இடத்தில் மணை கிடந்தது. நான் அதை அங்கே எடுத்துப் போட்டிருக்கவில்லை.

செவலை தலையைத் தூக்கியது. காதுகள் முன்னால் நிமிர்ந்தன. அது என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகம் இருக்கிற உயரத்தில் பார்த்தது. நீளமாக மூச்சை இழுத்தது. நான் இன்னும் வாளியைத் தொடவில்லை, நாக்கைச் சொடுக்கவில்லை. நான்கு காம்புகளிலிருந்தும் பால் தானாகத் தரையில் சொட்டியது.

கறக்கிற நேரம் பழகிவிட்டால் மாட்டுக்கு அப்படி ஆகலாம். புத்தகத்தில் அதுவும் இருக்கிறது. நான் அதைத்தான் நம்பப் பார்க்கிறேன்.

ஆனால் வாசலில் நின்ற அப்பாவும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் பெயரைச் சொல்லி, என்னிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"தனம், கொஞ்சம் தள்ளி உட்காரும்மா."

தள்ளி உட்கார்ந்துதான் கறந்தேன். வாளி நிறைந்தது. செவலை இங்கேயேதான் இருக்கப்போகிறது.

புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன், அம்மா. இனி நான் அதைக் கட்டமாட்டேன். உன் மணையிலும் உட்காரமாட்டேன். தினமும் அதை எடுத்துப் போட்டுவைக்கிறேன், இது சத்தியம். செவலையை நான் பார்த்துக்கொள்கிறேன். வலித்ததா என்று அப்பா கேட்டதற்கு மட்டும் நீயே பதில் சொல்.

மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் மகள்,
தனம்