வேன் ரிப்பேர் கதையும் உன் உலக்கையும்

திட்டக்குடி பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஒரு பெண் அலறுவாள், பிறகு கோடாலி ஒன்று கட்டையில் இறங்கும், அதன் மேல் மேளம் ஏறும். எனக்கு ஞாபகம் வருவதற்கு முன் என் வலது தோளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. தானாகச் சுருங்கிக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை வெட்டுதானம்மா இது?" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. தொடருக்கு வேறு பேர் இருக்கிறது. வியாழக்கிழமை வெட்டு என்பது நம் பீங்கான் கம்பெனியில் நாம் வைத்த பேர்.

"வேன் ரிப்பேராகி நிக்கும், புருசன் வெள்ளையா திரும்பி வருவான். அந்தக் கதை இதுல இருக்குதா?"

"அதுவா தாத்தா? அத விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாம். கதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றாள். நீ இருந்திருந்தால் அந்தப் பெண் திட்டக்குடியில் இறங்கியிருக்க மாட்டாள். அடுத்த ஊர் வரை கூட்டிப்போய்ச் சண்டை போட்டிருப்பாய்.

அவளே என் கையிலிருந்த உன் போனில் அந்தக் கதையைத் தேடி வைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து வந்ததுதான் இந்தக் கடிதம். ஆமாம், நான்தான் எழுதுகிறேன். நீ போன பிறகு ஸ்கூலில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் முடிகிறது.

எங்கோ வெளிநாட்டில் எடுத்து, தமிழில் பேசவைத்த தொடர் அது. ஒரு மாமனும் மருமகளும் ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போய்ப் பூதங்களைத் தேடிக் கொல்வார்கள். வாரத்துக்கு ஒரு பூதம். ஒன்று தோலை உரிக்கும். ஒன்று குழந்தைக் குரலில் கூப்பிட்டுக் கிணற்றுக்குள் இழுக்கும். நீ பகலெல்லாம் பீங்கான் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவள். ஒரு பொம்மையின் மூக்கு நுனிகூட உன் கையில் உடைந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் உனக்குத் தலை உருள வேண்டும். ரத்தம் சுவர் வரைக்கும் தெறிக்க வேண்டும். "ஒரு கழுத்துக்கு ரெண்டு வெட்டா? கத்தியத் தீட்டிக்கினு வர மாட்டானா இவன்?" என்று திட்டுவாய். நான் முகத்தை மூடிக்கொண்டு கிடப்பேன். "கண்ணத் தொறய்யா, செத்துடுச்சு" என்று நீ சொன்ன பிறகுதான் கையை எடுப்பேன்.

வேன் ரிப்பேர் கதையில் மாமனும் மருமகளும் கடைசியில்தான் வந்தார்கள். அது வரைக்கும் ஒரு வீடு, ஒரு புருசன், ஒரு பெண்டாட்டி. கல் குவாரி சரிந்து புருசன் உள்ளே மாட்டிக்கொள்கிறான். செத்துவிட்டான் என்று எல்லோரும் அழுது முடித்த பிறகு ஒரு சாயங்காலம், தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் தூளோடு வாசலில் வந்து நிற்கிறான். பேசவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளித் தின்கிறான். மறுநாள் வீட்டு நாயின் தோல் மட்டும் வேலியில் தொங்குகிறது. அதற்கு மறுநாள் பக்கத்து வீட்டுக் கிழவரின் ஒரு கை மாட்டுத் தொட்டியில் மிதக்கிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் மறுபடியும் உட்கார்ந்து தின்கிறான், கொதிக்கிற கஞ்சிப் பானை அவன் முன்னால் இருக்கிறது. பெண்டாட்டி பின்னால் வந்து கோடாலியைக் கழுத்தில் இறக்குகிறாள். ஒரே வெட்டு. முண்டம் பானை மேல் விழுகிறது. கஞ்சியும் ரத்தமும் சேர்ந்து தரையெல்லாம் ஓடுகிறது. உருண்ட தலையில் வாய் மட்டும் இன்னும் மென்றுகொண்டிருக்கிறது.

நீ கை தட்டினாய்.

ஆனால் மற்ற வாரங்களில் பூதம் செத்ததும் அதன் நிஜ உருவம் வெளியே வரும், கொம்போ வாலோ தெரியும். இதில் ஒன்றும் மாறவில்லை. புருசன் புருசனாகவே கிடந்தான். மாமனும் மருமகளும் வந்தார்கள், பிணத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல் வேனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவுதான் கதை. கறுப்பாகிப்போன டிவியில் வெள்ளை எழுத்து வந்தது.

"என்னா போட்டிருக்கான்?" என்று கேட்டேன். டிவியில் வருகிற எழுத்தெல்லாம் எனக்கு நீ படித்துச் சொன்னதுதானே.

"'அவளுக்குத் தெரியும்'னு போட்டிருக்கான்" என்றாய்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, டீ நேரத்தில் கம்பெனியே இரண்டாகிவிட்டது. சூளையில் சரக்கு அடுக்குகிற ராசாங்கம் உன்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவன், உன்னிடம் ஒரு நாளும் தோற்க ஒப்பாதவன். "உருவம் மாறலியே தங்கச்சி. அப்ப அது புருசன்தான். குவாரில அடிபட்டுப் புத்தி கலங்கி வந்தவன, பாவி, வெட்டிட்டா" என்றான்.

"நாயத் தின்னவன் புருசனா?"

"பசி. மண்ணுக்குள்ள கெடந்தவனுக்குப் பசிக்காதா?"

"கெழவன் கையி?"

"அத அவன்தான் தின்னான்னு நீ பாத்தியா?"

உன் கூடப் பொம்மை கட்டுகிற லூர்துமேரி, "அக்கா, மொகம் அதே மொகம்தான? அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"பொண்டாட்டிக்குத் தெரியும்டி. வெள்ளையடிச்சு நின்னாலும் தெரியும். டிவிலயே போட்டான், 'அவளுக்குத் தெரியும்'னு."

"அப்படி ஒண்ணும் போடலியே" என்றான் ராசாங்கம்.

"நீ அதுக்குள்ள டிவிய அணைச்சிருப்ப." சொல்லிக்கொண்டே கழித்துப்போட்ட பொம்மை ஒன்றை எடுத்தாய். செட்டியார் பொம்மை, சூளையில் கை கோணிப்போனது. பெஞ்சு விளிம்பில் ஒரு தட்டு. தலை தனியாகப் போய் ராசாங்கத்தின் டீயில் விழுந்தது. "இப்படித்தான் வெட்டணும்" என்றாய். சூடான டீ அவன் தொடையில் கொட்டியது. அவன் குதித்த குதியில், விளக்குகளை அடுக்கிக் காயவைத்திருந்த பலகை ஒன்று சரிந்தது. மேஸ்திரி ஓடிவந்து எல்லோரையும் ஒரே மாதிரி திட்டினார்.

அந்தச் சாயங்காலம் நான் லாரியிலிருந்து வெள்ளைக் களிமண் தூள் இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மூட்டை தையல் விட்டு என் தலை மேலேயே கொட்டியது. கண் இரண்டும்தான் பாக்கி. கழுவலாம் என்று போனால் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ராசாங்கம் என்னை மேலும் கீழும் பார்த்தான். வெந்த தொடை அவனைச் சும்மா விடவில்லை.

"மச்சான், கழுவாத. இப்படியே போயி வாசல்ல நில்லு. பேசாத. குந்திக்கினு ரெண்டு கையாலயும் தின்னு. தெரியும்னாளே, பாப்போம்."

எனக்கும் ஆசை வந்துவிட்டது. உன்னைப் பயமுறுத்துகிற ஆசை இல்லை அது. உனக்கு என்னைத் தெரியுமா என்று பார்க்கிற ஆசை. வெள்ளைத் தூளுக்குள்ளிருந்தாலும் இவன்தான் என்று நீ சொல்ல வேண்டும். நான் கேட்டிராத ஒன்றை அன்றைக்குக் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

ராசாங்கமும் லூர்துமேரியும் வேலிக்கு வெளியே நின்றார்கள். நான் உள்ளே போனேன். கரண்ட் இல்லாத வீட்டில் அடுப்பு வெளிச்சம் மட்டும் இருந்தது. நீ திரும்பினாய். பார்த்தாய். கத்தவில்லை. நான் உட்கார்ந்து தட்டை இழுத்து இரண்டு கையாலும் சோற்றை அள்ளினேன், அவனைப் போலவே. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கின குழம்புச் சட்டி என் முன்னால் கொதித்துக்கொண்டிருந்தது. நீ குனிந்து அதை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாய். குழம்பு ஊற்றாமல் எடுத்துப் போகிறாளே என்று நினைத்தேன். அப்புறம் பின்னால் போனாய்.

உலக்கை இறங்கியது.

உள்ளுக்குள் எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. முன்னால் கவிழ்ந்தேன். தட்டு விளிம்பு நெற்றியைக் கிழித்தது. ரத்தம் வெள்ளை முகத்தில் கோடு கோடாக இறங்கி வாயில் உப்பாகப் பட்டது. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. ராசாங்கம் உள்ளே பாய்ந்து, "கொன்னுட்டா, மச்சானக் கொன்னுட்டா" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"சும்மா கத்தாத. தோள்லதான் போட்டேன், சாவ மாட்டாரு" என்றாய். உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு முந்தானையால் என் நெற்றியை அழுத்திப் பிடித்தாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "யாரு அடிச்சது?" என்று கேட்டார்.

"பொண்டாட்டி" என்றேன்.

"பூதம்னு நெனச்சிட்டாங்க சார்" என்றான் ராசாங்கம்.

"பூதம்னு நெனக்கலைங்க டாக்டர். இவருன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன்" என்றாய்.

மாவுக்கட்டுக்குத் துணி நனைத்துக்கொண்டிருந்த நர்சம்மா நிமிர்ந்து, "அது இன்னும் மோசமால்ல இருக்குது" என்றார்.

நாம் பொம்மை அச்சு வார்க்கிற அதே மாவுதான். அதற்குள் நான் கிடந்த நாளெல்லாம் கம்பெனியில் டிவிக் கதையை விட்டுவிட்டு என் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். தெரியாமல்தான் அடித்தாள் என்றது ராசாங்கம் கட்சி. தெரிந்துதான் அடித்தாள் என்றது லூர்துமேரி கட்சி. நீயோ ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாய். "தெரியாம இருந்தா தலையிலல்ல போட்டிருப்பேன். எனக்கே பரீட்ச வெக்கறாரு, வாங்கிக்கட்டும்."

எனக்கு அது போதவில்லை. இருட்டில் குறி தவறித் தோளில் விழுந்திருக்கலாம் அல்லவா? பிறகு எத்தனையோ வருசம் கேட்டேன். நெல் அவிக்கும்போது கேட்டேன், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டேன். போன மழைக்காலத்தில் நீ காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலும் கேட்டேன். "மெய்யாலுமே தெரியுமா புள்ள?" நீ சிரித்தாய். "தோளக் காட்டு" என்றாய். சட்டைக்குள் கைவிட்டு அந்த மேட்டைத் தடவி, "கோணலாத்தான் கூடியிருக்குது" என்றாய். மறுநாள் நீ இல்லை.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து கதையை முழுதாகப் பார்த்தேன். கண்ணைத் திறக்கச் சொல்ல ஆள் இல்லாததால் வெட்டு விழும்போதும் திறந்தே வைத்திருந்தேன். கடைசியில் அந்த வெள்ளை எழுத்து வந்தது. நிறுத்தி, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'இத்தொடரில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை' என்று இருந்தது.

தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அடிப்பாவி, என்னை மட்டுமா ஏமாற்றினாய், ஒரு கம்பெனியையே ஏமாற்றியிருக்கிறாய். சிரித்து முடித்ததும் சந்தேகம் வந்தது. இதில் பொய் சொன்னவள் அதிலும் சொல்லியிருப்பாளோ? என்னைத் தெரியாமலே போட்டுவிட்டு, வாதத்தில் ஜெயிப்பதற்காக, 'தெரியும்' என்றாளோ?

படத்துக்குக் கீழே ஊர் உலகத்தார் எழுதியிருந்தார்கள். தினம் கொஞ்சமாகப் படித்தேன். எத்தனை ராசாங்கம் அங்கே. "அது அவ புருஷன்தான், கொலைகாரி." "மொக்கைக் கதை, வேன் வரும் இடத்துக்கு ஓட்டிவிடுங்கள்." எத்தனை பேர் உன் கட்சி. அதில் யாரோ ஒரு பெண் எழுதியிருந்ததைப் படிக்கும்போது என் விரல் நின்றுவிட்டது. "வெட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கஞ்சிப் பானையைப் பாருங்க. அவ அதைத் தொடவே இல்லை. புருஷனா இருக்குமோன்னு துளி சந்தேகம் இருந்தாக்கூட, கொதிக்கிறது மேல விழுந்துடுமேன்னு கை தானா போயிருக்கும்."

போனைக் கீழே வைத்தேன். அடுப்பு வெளிச்சம், என் வெள்ளைக் கை, நீ குனிந்து தூக்கிய குழம்புச் சட்டி. இத்தனை வருசம் உலக்கையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். பூதத்துக்குச் சூடு பட்டால் உனக்கென்ன? நான் எந்தப் பக்கம் விழுவேன் என்று பார்த்து, நான் வேகாமலிருக்கச் சட்டியை எடுத்துவைத்துவிட்டு, அப்புறம் அடித்திருக்கிறாய்.

அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன். இரண்டு வரி எழுத ஒரு பகல் ஆனது. 'நீங்கள் சொல்வது சரி. புருசன் என்று தெரிந்தால் முதலில் சட்டியை நகர்த்துவாள்.' அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். உன் போன் அல்லவா, உன் பேரில், உன் படத்தோடு போய் விழுந்திருக்கிறது. மறுநாள் கீழே, "அக்கா சொல்றது கரெக்ட்" என்று ஒருவர். "அக்கா சொன்ன பிறகு பேச்சே இல்லை" என்று இன்னொருவர்.

டீக்கடையில் ராசாங்கத்திடம் காட்டினேன். தூக்கிப் பிடித்துப் படித்தான். உன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "போயும் வுட மாட்டன்றாளே மச்சான்" என்றான். தொடையைத் தேய்த்துக்கொண்டு அன்றைக்கு அவனே டீ வாங்கிக் கொடுத்தான்.

வலது கையால்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் அந்த மேடு வலிக்கத் தொடங்கிவிடும். பேனாவை வைத்துவிட்டு இடது கையால் அதைத் தடவிக்கொடுப்பேன். கோணலாகத்தான் கூடியிருக்கிறது. வலி கொஞ்சம் அடங்கினதும் மறுபடி எழுதுவேன். அதனால்தான் உனக்கு எழுத இவ்வளவு நாளாயிற்று. வலி இருந்துவிட்டுப் போகட்டும். ஆள் தெரிந்து போட்ட அடி.