நாலு ரூபாயும் இரண்டு முப்பதும்

செப்டம்பர் 1, 2025

கடலை எண்ணெய் கம்பெனியில் கணக்குப் பார்க்க வந்து நாலு வருடம். ஆண்டறிக்கையை முழுதாக நானே தயாரிப்பது இதுதான் முதல் தடவை. லாபம் நாற்பது லட்சம், பங்குகள் பத்து லட்சம். ஒரு பங்குக்கு நாலு ரூபாய். முதலாளி சின்னசாமி சாருக்கு ஏக சந்தோஷம். அதைப் பத்தால் பெருக்கி, பங்கு நாற்பது ரூபாய் என்று பழைய பங்குதாரர்களுக்கே புதிதாக விற்கப் போகிறாராம். எல்லாரும் கீழ்பென்னாத்தூரைச் சுற்றிக் கடலை பயிரிடுகிறவர்கள்.

செப்டம்பர் 3

பங்குதாரர்களில் ஒருவரான உண்ணாமலை அக்கா வந்திருந்தார். மாடு விற்ற பணம் நாற்பதாயிரம் இருக்கிறதாம். “நீ சொன்னா ஆயிரம் பங்கு வாங்கிடறேன் சதஃப்” என்றார். அறிக்கை வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 4

கடன்பத்திரத்தை மறந்தே போனேன். சென்னைக்காரர்கள் இரண்டு வருடம் முன்பு எட்டு சதவீத வட்டிக்கு ஒரு கோடி கொடுத்தார்களே. அவர்கள் விரும்பினால் பணத்துக்குப் பதில் பத்து லட்சம் பங்காக மாற்றிக்கொள்ளலாம். அப்போது பங்குகள் இருபது லட்சம். ஒரு பங்குக்கு இரண்டே ரூபாய். சாரிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 8

பௌர்ணமி கிரிவலம் முடிந்து திரும்புகிற கூட்டம், பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

சார் ஆடிட்டரைக் கேட்டிருக்கிறார். என் கணக்கு தப்பு. பங்காக மாறிவிட்டால் வட்டி எட்டு லட்சம் மிச்சமாகுமே. வரி போக ஆறு லட்சம் லாபத்தில் சேரும். நாற்பத்தாறு லட்சத்தை இருபது லட்சத்தால் வகுத்தால் இரண்டு ரூபாய் முப்பது காசு. இதுகூடத் தெரியாம போய் நின்னேனே, அசிங்கமா இருந்துச்சு.

“சின்ன கம்பெனிக்கு இந்த ரெண்டாவது கணக்கு கட்டாயமில்லையாம். நாலையே போடும்மா” என்றார் சார்.

செப்டம்பர் 9

சட்டப்படி சரி. உண்ணாமலை அக்காவுக்கு?

செப்டம்பர் 10

சொல்லிட்டேன். ரெண்டையும் போடலாம், இல்லைன்னா வேற யாராவது தயாரிக்கட்டும்னு. சார் எழுந்து போனார்.

வேலை போனால் கிரிவலப் பாதையில் ஆசிரமம் பக்கம் லாட்ஜுக்கெல்லாம் கணக்கு எழுதலாம் என்கிறார் அப்பா.

செப்டம்பர் 20

பங்குதாரர்கள் பொதுக்கூட்டம். சார் அரை மனதாக ஒத்துக்கொண்டதில், அறிக்கையில் இரண்டும் இருந்தன — இரண்டு முப்பது பொடி எழுத்தில். உண்ணாமலை அக்கா எழுந்து, ஏன் இரண்டு கணக்கு என்று கேட்டார். சார் மைக்கை என்னிடம் நீட்டினார்.

“சென்னைக்காரங்க பங்கா மாத்திக்கிட்டா, லாபம் கொஞ்சம்தான் ஜாஸ்தியாகும், பங்கு ரெண்டு மடங்காயிடும். அப்போ ஒரு பங்குக்கு ரெண்டு முப்பதுதாங்க.”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “அப்புறம் எதுக்கு நாப்பது ரூபா?” என்றார். கடைசியில் பங்கு விற்பனையைத் தள்ளிவைப்பதாகச் சார் அறிவித்தார். என் பக்கம் திரும்பாமலே காரில் ஏறிவிட்டார்.

அக்டோபர் 17

சென்னையிலிருந்து கடிதம். பங்காக மாற்றிக்கொள்கிறார்களாம். சார் அதை என் மேஜையில் வைத்தார். “நாப்பதுக்கு வித்திருந்தா, இந்த ஊர்ல நான் நடக்க முடியாதும்மா.”

இரண்டு முப்பதைப் பத்தால் பெருக்கி, புது விலை இருபத்து மூன்று ரூபாய். மதியமே உண்ணாமலை அக்கா வந்தார். ஆயிரமா என்றேன். ஐநூறு போதுமாம், மீதியை அடுத்த வருடம் பார்க்கலாமாம். கையெழுத்துப் போட்டுவிட்டு, அறிக்கையை எடுத்துப் புரட்டினார்.

“அந்த ரெண்டாவது கணக்கு எந்தப் பக்கத்துல வரும்? காட்டு. அடுத்த வருஷம் நானே பாத்துக்கறேன்.”