ஆற்றில் போனதும் மேசையில் போனதும்

இன்று காலை பரணிலிருந்து என் பட்டாளத்துப் பெட்டியை இறக்கினேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். நல்ல பூட்டுள்ள இரும்புப் பெட்டிதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மூடியைத் திறந்ததும் அந்துருண்டையும் பூட் பாலிஷும் பழைய கம்பளியும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். உன் பெட்டியும் இதே கறுப்பு, இதே அளவு. மூடியில் உன் பெயரை வெள்ளைப் பெயிண்டில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். "ஏலே, எழுத்த நேரா எழுதுடே. ரயில்ல தொலஞ்சா கண்டுபிடிக்கணும்லா" என்றாய். அது ரயிலில் தொலையவில்லை.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. என் கோபம் உன்மேல் இல்லை, மாப்ள. ஆனால் இதைச் சொன்னால் முழுசாகப் புரிந்துகொள்ள உன்னைவிட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

நீ சேத்தூர், நான் ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரே ஆள்சேர்ப்பு முகாமில் தேறி, ஒரே கம்பெனியில் போய் விழுந்தோம். ஒரு விடுமுறையில் பைக் வாங்கப் போகிறேன் என்று என்னையும் ராஜபாளையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். பைக் கடையைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தாய். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், பாய் வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவில் போய்த்தான் நின்றாய். கண்ணாடி அலமாரியில் இருந்த ஒரு பழைய கேமராவைக் காட்டி விலை கேட்டாய்.

பாய் சிரித்தார். "பட்டாளத்துக்காரனுக்குக் கேமரா எதுக்குப்பா?"

"அங்க ஒரு பயலயும் அவன் வீட்ல பாக்க முடியல பாய். வருசக்கணக்கா மூஞ்சியக் காணாம அம்மாமாரு கிடக்காவ. ஆளுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பலாம்னு பாக்கேன்."

பாய் கேமராவைத் துடைத்து, தோலுறையும் சேர்த்துத் தந்தார். ரசீதும் எழுதித் தந்தார். அந்த ரசீதுக்காகப் பின்னால் நீ எம்புட்டு அலையப் போகிறாய் என்று அப்போது நம் மூவருக்கும் தெரியாது.

எல்லைப் பகுதியில் கேமரா வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். மேஜரிடம் போய் முறையாகக் கேட்டு, கையெழுத்து வாங்கினாய். மலையோ முகாமோ படத்தில் விழக்கூடாது என்று நிபந்தனை. அதனால் எல்லாப் படமும் சமையல்கூடத்தின் வெள்ளைச் சுவருக்கு முன்னால்தான். பஞ்சாப்காரன், நாகாலாந்துக்காரன், மலையாளி, எல்லாரும் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். "ஏலே, பல்லக் காட்டு!" என்று நீ தமிழில் கத்துவாய். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. புரியாததாலேயே சிரித்துவிடுவார்கள். லீவில் வருகிற யார் பையிலாவது பிலிம் சுருள் ராஜபாளையத்துக்கு வரும். பாய் கழுவி, பிரிண்டும் நெகட்டிவும் தபாலில் அனுப்புவார். நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி உன் பெட்டிக்குள் வைப்பாய்.

நம் கம்பெனிச் சமையல்காரன் மட்டும் படத்துக்கு நிற்க மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஒடிசாவில் ஏதோ மலைக்கிராமத்துப் பையன். ஒருநாள் கரண்டியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தவனை நீ படக்கென்று எடுத்துவிட்டாய். பிரிண்ட் வந்ததும் வெட்கப்பட்டான். பிறகு அதன் பின்பக்கத்தில் அவன் பாஷையில் அம்மாவுக்கு நாலு வரி எழுதி, வீட்டுக்கு அனுப்பினான். என்ன எழுதினான் என்று நம்மில் யாருக்கும் படிக்கத் தெரியாது.

வெள்ளம் வந்த அன்று நான் மேல் சாவடியில் காவலில் இருந்தேன். பட்டப்பகல். மலைக்கு அந்தப் பக்கம் மேகம் உடைந்து கொட்டியது இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆறு ஒரே மூச்சில் முகாமுக்குள் புகுந்தது. உன் பெட்டி உன் கட்டிலுக்கு அடியில், கையெட்டும் தூரத்தில் இருந்தது. நீ அதைத் தொடவில்லை. வயர்லெஸ் அறைக்கு ஓடி, செட்டை முதுகில் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் மேலே ஏறி வந்தாய். அந்த செட்டில் நீ கூப்பிட்ட பிறகுதான் ஹெலிகாப்டர் வந்தது, மேல் சாவடியில் சிக்கிக் கிடந்த என்னையும் சேர்த்துக் கம்பெனி பிழைத்தது. எரிவாயு உருளைகளை மூடப் போன சமையல்காரன் திரும்பி வரவில்லை. அந்த வெள்ளைச் சுவர் அவன்மேல் சாய்ந்தது.

ஈரத் துணியோடு என் பக்கத்தில் உட்கார்ந்து நீ சொன்னது இதுதான்: "பெட்டி போகட்டும்டே. அவன் போய்ட்டானே."

அரசாங்கத்திடமிருந்து முதலில் வந்தது உன்னிடம் விளக்கம் கேட்கும் தாள். உனக்குக் கொடுத்திருந்த கம்பளி எங்கே, மழைக்கோட்டு எங்கே, தண்ணீர்ப் புட்டி எங்கே? விசாரணை முடிகிறவரை சம்பளத்தில் பிடித்தார்கள். முகாமே ஆற்றில் போயிருக்கிறது, உன்னிடம் கம்பளிக்குக் கணக்குக் கேட்கிறார்கள்!

பிடித்ததை எப்படியோ பிறகு திருப்பித் தந்தார்கள். சொந்தப் பொருள் இழந்தவர்களுக்கு ஈடு கேட்க வழி இருக்கிறது என்று நான்தான் உன்னை எழுத வைத்தேன். கைக்கடிகாரம், உன் வீட்டம்மா பின்னித் தந்த ஸ்வெட்டர், ஒரு ஜோடி செருப்பு, கேமரா. அவ்வளவுதான் எழுதினாய். ஒன்றைக்கூட நீ கூட்டிச் சொல்லவில்லை. பதில் வந்தபோது நாம் இருவரும் ஓய்வு பெற்று ஊரோடு வந்திருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் நிலையத்துக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து நான் வாசித்தேன். கடிகாரத்துக்கு ரசீது இல்லை, செருப்புக்குச் சான்று இல்லை. கேமரா படைவீரனுக்கு அவசியமான பொருள் அல்ல. வாங்கிய ரசீதும், வைத்திருக்க அனுமதித்த ஆணையும் அசலாக இணைக்கப்படவில்லை. மேலும் மனுதாரர் தம் உடைமையைக் காக்க உரிய கவனம் எடுத்ததாகத் தெரியவில்லை.

நீ டீ கிளாசைக் கீழே வைத்தாய். "ரசீதும் ஆர்டரும் பெட்டிக்குள்ள இருந்துச்சு. பெட்டி ஆத்துல போச்சு. ஆத்துல எறங்கித் தேடச் சொல்லுதானா?"

அந்தக் கடைசி வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உரிய கவனமாம்! நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயர்லெஸ் செட்டை விட்டிருந்தால் உரிய கவனம் எடுத்தவன் ஆகியிருப்பாய். அப்போது இந்தத் தாளை வாசிக்க நான் இருந்திருக்க மாட்டேன்.

பாய் கேமரா விற்றதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். தனியார் எழுத்து சான்று ஆகாது என்றார்கள். நீ எடுத்த படங்களை அனுப்பச் சொல்லி நம் ஆட்களுக்கு எழுதினோம். சேத்தூருக்கு எங்கெங்கிருந்தோ படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் அதே வெள்ளைச் சுவர். அவற்றைச் சான்றாக அனுப்பியதற்கு வந்த பதிலை நீ மனப்பாடமாகவே சொல்வாய்: "சுவர் எங்கும் உள்ளது."

இதை எப்படியோ கேள்விப்பட்ட சமையல்காரனின் அம்மா, கண்ணாடிச் சட்டத்திலிருந்து அவன் படத்தைக் கழற்றி அனுப்பிவிட்டாள். நாம் கேட்கவே இல்லை. யாரையோ பிடித்து இந்தியில் ஒரு துண்டுச் சீட்டு எழுத வைத்திருந்தாள்: என் மகனைப் படம் எடுத்தவருக்கு உதவட்டும், வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புங்கள், என்னிடம் வேறு இல்லை. நீ உடனே படத்தைப் பாயிடம் கொண்டுபோய் ஒரு நகல் எடுக்க வைத்தாய். நகலை அனுப்பினோம். அசல்தான் வேண்டும் என்றார்கள். அசலை அனுப்பினோம். அசலைத் தொலைத்தார்கள்.

எழுதி எழுதிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் சென்னைக்கு ரயிலேறினோம். "பால்கோவா வாங்கிட்டுப் போவமா? கொஞ்சம் மனசு எளகும்" என்று கேட்டேன். "எதுக்கு? விருந்துக்கா போறோம்?" என்று என்னை அடக்கிவிட்டாய். அங்கே ஆபீசில் நம் கோப்பை வைத்திருந்த அதிகாரி கெட்டவர் இல்லை என்பதுதான் வேதனை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"கேமரா விஷயம்தானே? சாதகமா முடிக்கப் பார்க்கிறோம்" என்றார்.

"கேமரா வேண்டாம் சார். அந்தப் படத்தக் குடுங்க. அந்த அம்மாவுக்கு அனுப்பணும்."

"அது இணைப்பு. பல செக்ஷன் போயிருக்கும். நகல் உங்ககிட்ட இருக்குன்னு எழுதியிருக்கீங்களே?"

"நகல்ல மூஞ்சி மட்டும்தான் சார் இருக்கு. பின்னால அவன் கையெழுத்து இருந்துச்சு. அத நகல் எடுக்க எங்களுக்குத் தோணல."

அவர் காகிதங்களைப் புரட்டினார். "ஒரு போட்டோதானே" என்று மெதுவாகச் சொன்னார்.

உனக்குக் குரல் உயர்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்றும் உயரவில்லை. எழுந்து நின்று, அவர் மேசையில் ஒரு விரலை வைத்தாய். "என் கேமரா ஆத்துல போச்சு சார். நான் ஆத்தக் குத்தம் சொல்லல. இது உங்க மேசையில போச்சு."

பிறகு என்ன நினைத்தார்களோ, சட்டென்று ஈட்டுத் தொகையை அனுமதித்தார்கள். கேமரா பழையது என்று தேய்மானம் கழித்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும். நீ போடவில்லை. வாங்காவிட்டால் கோப்பை மூட முடியாது என்று தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். "அப்ப மூடாதீங்க" என்று வைத்துவிட்டாய். வருடந்தோறும் அவர்கள் நினைவூட்டுவதும், படம் எங்கே என்று நீ பதில் போடுவதுமாக அது ஓடியது. பைத்தியக்காரன் என்று ஊரில் பேசினார்கள். வருகிற பணத்தை வேண்டாம் என்கிறானே என்று உன் அண்ணன்கூட என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

நெஞ்சு வலி ஒருமுறை வந்துபோன பிறகு, யாருக்கும் சொல்லாமல் அந்த நகலை எடுத்துக்கொண்டு நீ ஒடிசாவுக்குப் போய்வந்தாய். திரும்பி வந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாய். சட்டையைக்கூட மாற்றவில்லை.

"அந்த அம்மா வாங்கின ஒடனே திருப்பிப் பாத்தாடே. மூஞ்சியப் பாக்கல, பின்பக்கத்தப் பாத்தா. வெறும் வெள்ளையா இருந்துச்சு. வெரலால தடவிப் பாத்தா. பொறவு எனக்குச் சோறு போட்டா. நான் தின்னேன். ஒண்ணும் கேக்கல அவ. திட்டியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்."

அவன் என்ன எழுதியிருந்தான் என்று கேட்டாயா என்றேன். கேட்க வாய் வரவில்லை என்றாய். அடுத்த ஐப்பசியில் நீயும் போய்விட்டாய்.

உன் காரியங்கள் முடிந்து சில நாளில் உன் மனைவிக்கு ஓர் உறை வந்தது. வாரிசு என்ற முறையில் தொகையைப் பெற்றுக்கொண்டு கோப்பை முடித்துத் தருமாறு கேட்டிருந்தார்கள். நூற்பாலையில் ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு, பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். வாங்கிக்கொள் என்று சொல்ல நினைத்தேன். உன் இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவள் என்னைப் பேசவிடவில்லை.

"அண்ணே, அவிய இருந்தா என்ன செய்வாவன்னு எனக்குத் தெரியும். ஒரு எட்டு நேர்ல போவோம். நான் பாக்கணும் அந்த ஆபீச."

போன வாரம் போனோம். பழைய அதிகாரி இல்லை. இப்போது இருப்பவர் இளைஞர். கோப்பை முழுவதும் வாசித்திருந்தார். அதைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மா, அந்தப் படம் கிடைக்காது. தொலைஞ்சுதான் போச்சு" என்றார். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்திலிருந்து வந்த முதல் உண்மை. எனக்கு அவரைப் பிடித்தேவிட்டது.

உன் மனைவி தலையாட்டினாள். "சரி சார். அத அப்படியே எழுதிக் குடுங்க. 'உங்க மகன் படத்த நாங்க தொலச்சிட்டோம்'னு ஒரு வரி. சீல் வச்சு. அந்த அம்மாவுக்கு அனுப்பிட்டு நான் கையெழுத்துப் போடுதேன்."

அவர் பேனாவை எடுத்தார். ஒரு தாளை இழுத்து வைத்தார். பேனா முனை தாளுக்கு மேலே நின்றது. பிறகு மூடியைப் போட்டு மூடினார். "அப்படி எழுத எனக்கு அதிகாரம் இல்லைம்மா" என்றார்.

கடிகாரத்துக்கு ரசீது கேட்டவர்கள். செருப்புக்குச் சான்று கேட்டவர்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றவனிடம் உரிய கவனம் எங்கே என்று கேட்டவர்கள். தாங்கள் தொலைத்த ஒன்றுக்கு ஒரு வரி எழுதித் தர அவர்கள் அத்தனை பேரிலும் அதிகாரம் உள்ள கை ஒன்று இல்லை.

உன் மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "யாருக்கு அதிகாரம் இருக்குன்னு கேட்டு வைங்க சார். அடுத்த மாசம் வாரோம்."

மில்லில் அவள் லீவு சொல்லிவிட்டாள், மாப்ள. நான் டிக்கெட் எடுத்துவிட்டேன்.