மத்தியானத்துக்கு மேல் சூடாகும் வண்டி

அன்புக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நல்ல சுகம், வண்டியும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி, காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? வண்டியின் சுகத்தை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், போன வாரம் நீ போனில் சொன்னது இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. "அந்த ஓட்டை வண்டிய எடுத்துக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு வராதீங்கம்மா, கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்க முடியாது, நான் டாக்சில வந்துடறேன்" என்றாய். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நீ வருவதே மூன்று வருடம் கழித்து. வீட்டுக்குள் கால் வைத்த நிமிடத்திலிருந்து அத்தை, சித்தி, மாடி வீடு, எதிர் வீடு என்று எல்லோரும் உன்னையும் குட்டியையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். எனக்கு என்று மிஞ்சுவது ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரைக்கும் உள்ள அந்த இரண்டு மணி நேரப் பாதைதான். அதையும் ஒரு டாக்சிக்காரருக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் வண்டியை ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன். இதைப் போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் பேசும்போது உன் அப்பா பின்னால் நின்று வரிக்கு வரி திருத்தம் சொல்வார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

வண்டிக்கு வந்த சீக்கு விசித்திரமான சீக்கு. தினமும் காலையில் காய் வாங்க எடுத்தால் தங்கமாக ஓடும், ஏ.சி.யில் கை விறைக்கும். அதே வண்டியை மத்தியானத்துக்கு மேல் எடுத்து, தைத்து முடித்த தலையணை உறைகளை ஆஸ்பத்திரியில் கொடுக்கப் போனால், சிக்னலில் நிற்க நிற்க எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறிவிடும். ஏ.சி. முதலில் வெதுவெதுப்பாக ஊதும், அப்புறம் யாரோ முகத்தில் பெருமூச்சு விடுவது போல ஊதும். சிக்னல் விழுந்து கொஞ்ச தூரம் வேகமாகப் போனால் முள் இறங்கும், காற்றும் குளிரும். அடுத்த சிக்னலில் மறுபடியும் அதே கதை. எஞ்சின் பார்க்கும் நெட்டை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்த்தார், ரேடியேட்டரைக் கழுவினார், தெர்மோஸ்டாட்டை மாற்றினார், கூலன்ட் ஊற்றினார், அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். முள் அசையவில்லை. "வண்டில ஒண்ணும் இல்லம்மா, ஏ.சி.தான் எஞ்சின இழுக்குது, ஏ.சி.காரர்கிட்ட காட்டுங்க" என்றார். ஏ.சி.காரர் மீட்டரை மாட்டி, கேஸ் சரியாக இருக்கிறது, கம்ப்ரஸர் சரியாக இருக்கிறது என்று அவர் பங்குக்கு அரை மணி நேரம் ஓடவிட்டார். பனிக்கட்டியாக ஊதியது. "எஞ்சின் சூடாகுறதாலதான் ஏ.சி. படுத்துக்குது, எஞ்சின்காரர்கிட்ட போங்க" என்றார். இப்படி இருவரும் என்னைப் பந்தாடினார்கள். இரண்டு கடைக்கும் நான் போனது காலையில் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

உன் அப்பாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. "மத்தியானம் வெயிலு, வெயில்ல எல்லாம் சூடாகும், இதுக்கு எதுக்கு மெக்கானிக்கு" என்றார். மின்சார மீட்டர் ரீடிங் எடுத்து ரிட்டயர் ஆனவர் அல்லவா, எண்களைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவருக்குக் குழப்பமே வருவதில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், வண்டியை அவர் பார்த்துக்கொள்வது போல யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். தினம் காலையில் டீ குடித்ததும் துணியோடு வெளியே போவார், துடைப்பார், பானெட்டைத் திறந்து ஆயில் பார்ப்பார், தண்ணீர் பார்ப்பார். ஓட்டுவது மட்டும் நான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போடுவது அவர்.

நடுவில் ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் உன் அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போன கூத்து ஒன்று நடந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள், அவளுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. திரும்பி வரும்போது சிக்னலில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. சூடு ஏறினால் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாக வைத்தால் எஞ்சின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று நெட்டை மெக்கானிக் சொல்லியிருந்தார். வைத்தேன். எஞ்சினுக்குச் சுகம், எங்களுக்கு நரகம். பின்சீட்டிலிருந்து அத்தை, "அண்ணி, எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு, சொட்டு மருந்து ஒத்துக்கலயோ என்னவோ" என்று அழுகிறாள். உன் அப்பா உண்மையைச் சொல்லாமல், "கண்ண மூடிக்கோ, சரியாயிடும்" என்கிறார். ஓரமாக நிறுத்தியதும் இறங்கி, துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார் பார், நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும் கண்ணு. ஆறும் வரைக்கும் மூவரும் ரோட்டோரத்தில் நின்றோம். அன்றைக்குத்தான் நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. குட்டியை வைத்துக்கொண்டு நீ இப்படி நின்றால் என்ன ஆவது? டாக்சியே போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இதற்கு அடுத்த நாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு மழை. ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரி போகிற வழியில் முதல் சிக்னலிலேயே முள் ஏறிவிட்டது. எனக்குப் பொறி தட்டியது. வெயிலே இல்லை, அப்புறம் எப்படி? ஓடும்போது சரியாக இருக்கிறது, நிற்கும்போது கெடுகிறது. ஓடும்போது ரேடியேட்டருக்கு எதிர்காற்று கிடைக்கும், நின்றால் காற்றுக்கு எங்கே போகும்? முன்னால் இருக்கிற ஃபேன்தான் கொடுக்க வேண்டும். ரேடியேட்டருக்கும் ஏ.சி.க்கும் சேர்த்து நம் வண்டியில் அந்த ஒரே ஃபேன்தான். இறங்கிப் போய்க் காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. சரி, ஃபேன் போய்விட்டது, கண்டுபிடித்துவிட்டேன் என்று மெல்ல ஓட்டி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் நெட்டை மெக்கானிக்கிடம் ஓடினால், ஃபேன் அவர் கண் எதிரே கம்பீரமாகச் சுற்றுகிறது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அங்கிருந்து திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். கண்ணாடியை வண்டியிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்து உடனே வெளியே வந்தால், பானெட் திறந்திருக்கிறது, உன் அப்பாவின் பாதி உடம்பு அதற்குள் இருக்கிறது. "என்னங்க பண்றீங்க?" என்றேன். தலையை வெளியே எடுக்காமலே, "வண்டிய நிறுத்தின பிறகும் ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கு, உள்ள ஆளே இல்ல" என்றார். கையில் ஃபேனின் ப்ளக். உனக்குத் தெரியாததா கண்ணு? தண்ணீர் குடிக்க நீ சமையலறைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் உன் அறை ஃபேனை அணைத்தவர்தானே? ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ஆளில்லாத வண்டியில் ஓடினால் விடுவாரா? பாவம், அந்த ஃபேன் வண்டியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஓடி எஞ்சினை ஆற்றிவிட்டுத் தானே நிற்கும். இவர் நான் வண்டியை நிறுத்திய உடனே போய்ப் பிடுங்கிவிடுகிறார். காலையில் துடைக்கும்போது பொறுப்பாக மாட்டிவைக்கிறார். அதனால் முதல் தடவை வெளியே போனால் வண்டி நல்ல வண்டி, இரண்டாம் தடவை போனால் பேய் வண்டி. "சூடாகுது சூடாகுதுன்னு நான் அலையறேனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். "ஒரு நாளைக்கு ஒரு தடவ மாட்டறேன்ல? ஓடும்போதுதான் காத்து வருதே, அப்பறம் ஃபேன் எதுக்கு?" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன், சிரித்து முடித்துவிட்டுத் திட்டினேன், திட்டும்போது மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது ப்ளக்கின் மேல் டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டேன். ஃபேன் ஓடும் நேரத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார், அது நின்ற பிறகுதான் உள்ளே வருகிறார்.

சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்று, நேற்று வேண்டுமென்றே காலையில் ஒரு சுற்று போய்விட்டு, மத்தியானம் இரண்டாம் சுற்றாக ஏர்போர்ட் வரைக்கும் ஓட்டினேன். நல்ல வெயில், பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நகரவே இல்லை. முள் பாதியைத் தாண்டவில்லை, உன் அப்பா ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னார். "வந்ததுதான் வந்தோம், எந்த வழியா வெளிய வருவாங்கன்னு பாத்துக்குவோம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய், பயணிகள் வெளியே வரும் வாசலில் கம்பி ஓரமாக நிறுத்தினார். யார் யார் பிள்ளைகளோ வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், உன் அப்பா கம்பியைச் சுற்றிப் போய், "குடும்மா, நான் தள்றேன்" என்று அதைப் பிடித்துவிட்டார். அந்தப் பெண்ணும் ஒன்றும் கேட்காமல் விட்டாள். அவளுடைய ஆட்கள் ஓடி வந்து வாங்கிக்கொண்ட பிறகு திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். நான் கேலி செய்யவில்லை. எனக்கும் கை நீண்டுதான் இருந்தது.

ஆகையால் டாக்சி வேண்டாம் கண்ணு. நீ பின்சீட்டில் கால் நீட்டிக்கொள், குட்டி தூங்கட்டும், அந்த இரண்டு மணி நேரம் நீ பேசு, நான் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறேன். குட்டிக்கு ஒரு மெல்லிய போர்வையைக் கைப்பையில் வைத்துக்கொள், ஏ.சி. அவ்வளவு குளிர்கிறது. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே, வெளியே வந்ததும் எங்களைத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் கையை ஆட்டு. இல்லாவிட்டால் உன் அப்பா வேறு யாருடைய பெட்டியையாவது தள்ளிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார்.

கம்பி ஓரத்தில் முதல் ஆளாக நிற்கப்போகும்
உன் அம்மா