வானொலி சூடாகும் நேரம்

என் தோழிக்கு,

இன்று காலை பேத்தி சுவரில் படம் காட்டும் பழைய பெட்டி ஒன்றைக் கூடத்தில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணினி வைத்துப் பாடம் நடத்துவது எப்படியென்று பள்ளிக்கூட ஆசிரியர்களுக்குச் சொல்லித் தரும் பெரிய பொறுப்பில் இருக்கிறாள் அவள். பெட்டி சூடானதும் உள்ளே படிந்திருந்த தூசு கருகி ஒரு வாசனை வந்தது. அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் வகுப்பு வானொலியின் வாசனை அது.

நீ கண்ணை மூடி எத்தனை வருடம் ஆகிறது! ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வருகிறது, கையும் சீக்கிரம் ஓய்ந்துபோகிறது. இருந்தாலும் இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது. நம் காஜா பேராங் பக்கத்துக் கடைகளில் கட்டிய கொடித் தோரணம் வெளுத்துப்போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வானொலியில் மலாய்ப் பாடம் கேட்டு எழுதப் படிக்கப் பழக, பெண்களுக்கென்று மன்றக் கூடத்தில் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். கொஞ்சம் படித்தவள் என்பதால் வானொலியை என் பொறுப்பில் விட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

நீ பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு வெளுத்துக்கொண்டிருந்தாய். சலவைச் சோடாத் தண்ணீரில் உன் விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். கட்டிலில் மாட்டிய அட்டையில் ரூமியை, ஆங்கில எழுத்தில் எழுதும் மலாயை, வாசிக்கத் தெரிந்தால் வார்டில் ஆயா வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வகுப்பு அதிகாரி வரவுப் புத்தகத்தைப் பார்த்து, ஒழுங்காக வருகிறவள் என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும். அதற்காகவே நீ வந்தாய்.

அந்தக் காலத்து வானொலி முடுக்கியவுடன் பேசாது. உள்ளே இருக்கும் குழாய்கள் சூடாக அரை நிமிடமாவது ஆகும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் எல்லோரும் வருவதற்கு முன்பே போய், குமிழை ஒரு சொடுக்குத் திருப்பி, சத்தம் வராமல் சூடாக்கி, பூப்போட்ட துணியால் மூடிவைப்பேன். நேரம் வந்ததும் துணியை எடுத்து இன்னும் கொஞ்சம் திருப்புவேன். உடனே குரல் வரும்.

"அடியே, நீ தொடணும்னே அந்த மனுஷன் உள்ள காத்துக்கிட்டு இருக்கான்டி! ஒம் புருஷன் கூட இவ்வளவு சீக்கிரம் வாயத் தொறக்க மாட்டாரு" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சூடாக்கும் விஷயத்தை மட்டும் சொல்ல மாட்டேன். என் கைராசி என்று அவர்கள் பேசிக்கொண்டது எனக்கு இனித்தது.

ஒருநாள் மகனுக்கு அம்மை போட்டு நான் வரவில்லை. அன்று பார்த்து அதிகாரி வந்துவிட்டார். மற்றவர்கள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க, நீதான் எழுந்து குமிழைத் திருப்பினாயாம். வெளிச்சம் வந்தது, குரல் வரவில்லை. கடைசி வரை திருப்பியும் சத்தமில்லை. பயந்துபோய் அணைத்துவிட்டாய். திரும்பப் போட்டாய், திரும்ப அணைத்தாய்.

"ஐயோ, கெடுத்துட்டாடி!" என்று யாரோ கத்த, அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார்.

இது எனக்குத் தெரிந்த பிறகும் நான் செய்ததுதான் கொடுமை. அடுத்த வகுப்பில் வழக்கம்போல முன்னதாகவே போய்ச் சூடாக்கினேன். நேரத்துக்குக் குரல் வந்தது. "பாத்தியா, அவ கை பட்டாத்தான் பேசுது" என்றார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் வானொலியைப் பார்த்தேன். அன்றோடு நீ வகுப்பை விட்டாய்.

மூன்று வாரம் கழித்து உன் வீட்டுக்கு வந்தேன். கொடியில் சேலை காயப் போட்டுக்கொண்டிருந்தாய்.

"நீ ஒண்ணும் கெடுக்கலடி. அது சூடாகணும். அரை நிமிஷம் பொறுக்கணும்."

நீ திரும்பக்கூட இல்லை. "அரை நிமிஷத்தச் சொல்ல ஒனக்கு மூணு வாரம் ஆச்சா?"

"தப்புதான்டி."

"எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? யாரு முன்னாடி நான் கெடுத்தவளா நின்னேனோ, அங்க போய்ச் சொல்லு."

சொன்னேன். கூடம் நிறைந்திருக்கும்போது, குளிர்ந்து கிடந்த வானொலியை எல்லோர் கண்முன்னும் முடுக்கிவிட்டு, குரல் வரும்வரை வாய்மூடி நின்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். நீ கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாய். "இப்பத்தான் மனுஷி மாதிரி நிக்கிறா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் நீ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

ஆனால் வரவுப் புத்தகம் அதற்குள் அதிகாரி கைக்குப் போயிருந்தது. உன் பெயருக்கு நேரே மூன்று வாரம் வெறுமை. அந்த வருடம் வார்டு வேலை வேறொருத்திக்குப் போனது. முழங்கால் மடங்காமல் போகும்வரை நீ விரிப்புதான் வெளுத்தாய். அதை ஒருநாளும் என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு புக்கிட் பாருவிலும் குருபோங்கிலும் வகுப்பு தொடங்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். போன இடத்திலெல்லாம் முதல் நாள் குமிழை நான் தொடவே மாட்டேன். ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுத் திருப்பச் சொல்வேன். ஒருமுறை மழையில் தாமதமாகப் போனேன். தெருவிலேயே பாடம் கேட்டது. எனக்காக ஒருத்தியும் காத்திருக்கவில்லை. நனைந்தபடி வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். மனசு சுருங்கத்தான் செய்தது. ஆனால் அன்றுதான் என் வேலையை நான் சரியாகச் செய்திருந்தேன்.

ஒலிப்பதிவுப் பெட்டி வந்தது, தொலைக்காட்சி வந்தது, இப்போது என்னென்னவோ வருகிறது. என்னைத் தலைவி என்று மாலை போட்டார்கள். பேத்திகூட, "எங்க வீட்டுல மொத டீச்சர் எங்க பாட்டிதான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறாள். பெருமையாகத்தான் இருக்கிறது. அசதியாகவும் இருக்கிறது.

ஒருத்தி "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று கையை இழுத்துக்கொள்ளும்போது, அவளுக்குத் தெரியவில்லை என்று இன்றுவரை நான் நினைத்ததில்லை. அவளிடம் நான் எதைச் சொல்லாமல் விட்டேன் என்றுதான் தேடுகிறேன்.